வீட்டிலேயே காருக்கு பெயிண்ட்: எந்த ஸ்ப்ரே கன் வாங்கலாம்?

பழைய மாருதி 800-க்கு வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்து நானே பெயிண்ட் அடித்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து, என்னிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த கன் வாங்கலாம்?" கூடவே இரண்டு மூன்று படங்கள் வரும். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் ஒன்று, மோட்டாரோடு கையில் பிடிக்கும் மின்சார கன் ஒன்று, ஜப்பானியத் தயாரிப்பு ஒன்று. இதில் எது நல்லது?

மூன்றுமே நல்லதுதான். மூன்றும் வீணாகவும் போகும். நான் பதிலுக்கு "உங்கள் கம்ப்ரசர் எத்தனை சி.எஃப்.எம்.?" என்று கேட்பேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நானும் அந்த இடத்தில் நின்றவன்தான். முதலில் கன்னைத்தான் வாங்கினேன். 1.4 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளியேறும் துளை), மேல்கப் (பெயிண்ட் கப் கன்னுக்கு மேலே இருக்கும்), எச்.வி.எல்.பி. (அதிகக் காற்றில், குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் ரகம்), கொஞ்சம் விலை கூடுதலாகவே. கம்ப்ரசர் வீட்டில் டயருக்குக் காற்றடிக்க வைத்திருந்த 1 எச்.பி., 50 லிட்டர் டேங்க். பானெட்டில் தொடங்கினேன். முதல் இரண்டு மூன்று வீச்சு கண்ணாடி மாதிரி விழுந்தது. பானெட்டின் பாதியைத் தாண்டியதும் சத்தம் மாறியது. "ஸ்ஸ்ஸ்" என்று வந்துகொண்டிருந்தது "ப்ஸ்.. ப்ஸ்" என்று துப்ப ஆரம்பித்தது. காய்ந்த பிறகு பார்த்தால் பானெட்டில் ஒரு பாதி கண்ணாடி, மறுபாதி சாத்துக்குடித் தோல்.

கன் சரியில்லை என்று முடிவுகட்டி, பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்த பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் கன்னைக் கையில்கூட எடுக்கவில்லை. கம்ப்ரசரின் தகட்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கன்னு பாவம், அது என்னங்க தம்பி பண்ணும்? அது கேக்கற காத்த நீங்க குடுக்கலையே."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

காற்று. இதுதான் முதல் அளவுகோல், பாதி முடிவை இதுவே எடுத்துவிடும். எல்லாரும் பி.எஸ்.ஐ.யை, அதாவது அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். கார் பெயிண்டுக்கு அழுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. எந்தக் குட்டி கம்ப்ரசரும் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றிவிடும். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தொடர்ந்து தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைக் கன அடியில் சொன்னால் சி.எஃப்.எம். ஒரு சி.எஃப்.எம். என்பது ஏறக்குறைய 28 லிட்டர்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தகட்டில் போட்டிருப்பது பல நேரம் பிஸ்டன் இழுக்கும் காற்றின் கணக்கு. வெளியே வந்து சேருவது அதில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரைதான். எல்ஜி (Elgi) என்ற கம்ப்ரசர் நிறுவனம் தொடங்கிய 1960-இலிருந்து கம்ப்ரசருக்குப் பேர்போன ஊர் எங்கள் கோவை. இங்கேயே கடைக்குப் போய் "வெளியே வரும் காற்று எவ்வளவு?" என்று கேட்டால் சிலர் எச்.பி.யைத்தான் பதிலாகச் சொல்வார்கள். தோராயமாக, 1 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர் தருவது மூன்று நான்கு சி.எஃப்.எம்.; 2 எச்.பி. தருவது ஆறிலிருந்து எட்டு, 3 எச்.பி. என்றால் பத்தைத் தாண்டும்.

என் பானெட்டுக்கு என்ன ஆனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்குவதற்குள் கொடுக்கக்கூடிய காற்று 50 × 5, அதாவது 250 லிட்டர். கன் கேட்டது நிமிடத்துக்கு சுமார் 340 லிட்டர். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே சேர்த்தது சுமார் 100 லிட்டர். நிகரமாக நிமிடத்துக்கு 240 லிட்டர் குறைகிறது. ஆக, ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு கன் மூச்சு வாங்கும். ஒரு பானெட்டுக்கு ஒரு கோட் அடிக்க இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும்.

மின்சாரம். "அப்போ 3 எச்.பி. வாங்கிவிட்டால் போச்சு" என்று தோன்றும். 3 எச்.பி. என்பது 2.2 கிலோவாட். சிங்கிள் ஃபேஸ் வீட்டில், பவர் பிளக்கில், மாலை நேரத்து லோ வோல்டேஜில் அது ஸ்டார்ட் ஆகாமல் முனகும், எம்.சி.பி. விழும், கெப்பாசிட்டர் போகும். தனி லைன் இழுக்கத் தயாராக இல்லையென்றால் வீட்டுக்கு 2 எச்.பி.தான் நிம்மதி.

நாசில். நிறம் தரும் பேஸ் கோட்டுக்கு 1.2 அல்லது 1.3, அதன்மேல் பளபளப்புக்கு அடிக்கும் நிறமில்லாத கிளியருக்கு 1.3 அல்லது 1.4, எல்லாவற்றுக்கும் அடியில் போகும் பிரைமர் சர்ஃபேசருக்கு 1.6 முதல் 2.0 மி.மீ. வரை. ஒரே கன்தான் வாங்குவேன் என்பவர் 1.4 எடுத்துக்கொண்டு பிரைமரைக் கொஞ்சம் தளர்வாகக் கலக்கிக்கொள்ளலாம். உத்தமம் என்று சொல்ல மாட்டேன், சமாளிக்கலாம்.

வீணாகும் பெயிண்ட். கன்னிலிருந்து கிளம்பும் பெயிண்ட் எல்லாம் காரில் உட்காருவதில்லை. பழைய ரக கன்னில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் படியும். மிச்சம் புகையாகப் பறந்து பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் உட்காரும். எச்.வி.எல்.பி.யில் 65 சதவீதமும் அதற்கு மேலும் படியும். காரில் ஒரு லிட்டர் உட்கார வேண்டுமென்றால் முதலாவதில் சுமார் மூன்று லிட்டர் அடிக்க வேண்டும், இரண்டாவதில் ஒன்றரை லிட்டர் போதும். பெயிண்ட் விற்கும் விலையில் இது சின்ன வித்தியாசம் இல்லை. சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் இது பண விஷயம் மட்டுமும் இல்லை.

உதிரியும் கழுவுதலும். ஊசி, நாசில், ஏர் கேப் (கன்னின் மூக்கில் காற்று வெளியேறும் மூடி) மூன்றும் ஒரு செட். ஒன்று போனால் மூன்றும் மாற்ற வேண்டும். அது உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதைக் கன் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

## ஏரோசல் டப்பா

சிரிக்காதீர்கள், இதுவும் ஒரு வழிதான். மிரர் கவர், பம்பர் மூலையில் ஒரு உரசல், வீல் கேப் என்றால் டப்பாவே சரி. கம்ப்ரசர் வேண்டாம், கழுவ வேண்டாம். அடியில் உள்ள குமிழை அழுத்தி, பெயிண்ட்டை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலக்கிவிடும் இரு பாக டப்பாக்களும் வருகின்றன. அவற்றின் கிளியர் பெட்ரோல் பட்டாலும் தாங்கும். சாதாரண டப்பாவின் கிளியர் பெட்ரோல் மூடி அருகில் ஒரே மாதத்தில் கொழகொழத்துப் போகும்.

மறைந்திருக்கும் செலவு டப்பாக்களின் எண்ணிக்கை. 400 மி.லி. டப்பா ஒன்றில் சுமார் ஒரு சதுர மீட்டர் சுத்தமாக முடியும். ஒரு கதவுக்கு மேல் போகிறீர்கள் என்றால் கணக்குப் பார்த்தாலே கன் மலிவாகத் தெரியும். பெயிண்ட் விரிந்து விழும் விசிறியின் அகலமும் சின்னது, பானெட்டில் அடித்தால் கோடு கோடாகத் தெரியும்.

## மோட்டாரோடு வரும் மின்சார கன்

ஆன்லைனில் அதிகம் விற்பது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கன் மோசம் என்பதில்லை. கேட், ஜன்னல் கிரில், சுவர், மரக்கதவு என்று கெட்டியான பெயிண்ட்டை வேகமாகப் பூச அது அருமையான சாதனம். நான் வீட்டு கேட்டுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். காருக்கு வேண்டிய நுண்ணிய துளி அதிலிருந்து வராது. அதற்குள் இருப்பது ஒரு சின்ன ஊதிதான். நாசிலும் பெரும்பாலும் 1.8 மி.மீ.க்கு மேல். துளி பெரிதாக விழும், மெட்டாலிக் கலர் என்றால் அலுமினியத் துகள் திட்டுத்திட்டாக உட்காரும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. இந்த கன்களின் கையேட்டில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பானைப் பயன்படுத்தாதே என்று போட்டிருக்கும். பலவற்றில் 21 டிகிரிக்குக் கீழே தீப்புள்ளி (ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை) உள்ள எதையும் அடிக்கக் கூடாது என்றே இருக்கும். கார் தின்னரில் இருக்கும் டொலுயினின் தீப்புள்ளி 4 டிகிரி, அசிட்டோனுக்கு மைனஸ் 20. கையில் பொறி பறக்கும் பிரஷ் மோட்டார், அதன் மூக்கிலிருந்து தின்னர் புகை. டூக்கோவோ (தின்னர் ஆவியாகிக் காயும் பழைய லேக்கர் பெயிண்ட்) பி.யூ.வோ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட்) எதுவானாலும் இதில் ஊற்றாதீர்கள். "நான் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வீடியோ போட்டவர்கள் உண்டு. ஒன்றும் ஆகாதவர்தான் வீடியோ போட முடியும்.

இதன் பெரிய அண்ணன் டர்பைன் எச்.வி.எல்.பி. மூன்று, நான்கு, ஐந்து கட்ட ஊதி தனிப் பெட்டியில் இருக்கும், தடித்த குழாயில் காற்று வரும். பெட்டியைத் தள்ளி வைக்கலாம், தண்ணீர்த் தொல்லையும் ஏறக்குறைய இல்லை. ஆனால் காற்று சூடாக வரும். நம் ஊர் மே மாதத்தில் அந்தச் சூடு பெயிண்ட்டைப் பாதி வழியிலேயே காயவைத்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னர் தேடி அலைய வேண்டும். விலையும் நல்ல கம்ப்ரசரும் கன்னும் சேர்ந்த விலைக்கு வந்துவிடும். மரவேலையும் செய்பவர் என்றால் யோசிக்கலாம். காருக்கு மட்டும் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

## சாதாரண கன்: பட்டறைகளின் பழைய தோழன்

கீழே பெரிய கப் தொங்கும் ரகத்தைப் பார்த்திருப்பீர்கள். காற்று உறிஞ்சிப் பெயிண்ட்டை மேலே இழுக்கும். ஒரு லிட்டர் பிடிக்கும், கை வலிக்கும், அடியில் எப்போதும் ஒரு அவுன்ஸ் பெயிண்ட் தங்கும். பிரைமர் அடிக்க இன்றும் நல்லது. காரின் மேல்கோட்டுக்கு மேல்கப் ரகம் போதும். பெயிண்ட் தானாக இறங்குவதால் குறைந்த அழுத்தத்திலும் ஓடும், கடைசிச் சொட்டு வரை தீரும்.

இது 40 முதல் 60 பி.எஸ்.ஐ.யில் ஓடும். நடுத்தர அளவு கன் ஆறிலிருந்து ஒன்பது சி.எஃப்.எம். கேட்கும். அதாவது 2 எச்.பி. கம்ப்ரசரோடு கிட்டத்தட்ட ஜோடி சேரும் கன் இதுதான். துளி நன்றாக உடையும், பளபளப்பு எளிதில் வரும். அவசரக் கைக்கும் கொஞ்சம் மன்னிப்புக் கொடுக்கும். பேனலிலிருந்து 20, 25 செ.மீ. தள்ளிப் பிடிக்கலாம். இந்திய பிராண்டான பைலட் மாதிரியான கன்களுக்கு வாஷர், ஊசி, நாசில் எல்லாம் ஹார்டுவேர் கடைத் தெருவிலேயே கிடைக்கும். ஜப்பானிய இவாட்டாவின் டபிள்யூ-71 போன்ற சின்ன உடம்பு கன்களைப் பட்டறைக்காரர்கள் விரும்புவதற்கும் அளவான காற்றில் நல்ல ஃபினிஷ் தருவதுதான் காரணம்.

குறை அதன் புகை. மூன்றில் இரண்டு பங்கு காற்றில் போகும் என்றேனே, அது எங்கே போகும்? உங்கள் நுரையீரலுக்கு, போர்ட்டிகோ சீலிங்குக்கு, காயாத பேனல் மீது சொரசொரப்பாக. தரையை நனைத்து, மூன்று பக்கமும் பாலித்தீன் கட்டி, ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தாலும் கடைசியில் உங்கள் புருவம் வெள்ளையாகத்தான் இருக்கும். கன் வாங்கும்போது மிச்சப்படுத்தியதை இரண்டு காருக்குள் பெயிண்ட் கடையில் கொடுத்துவிடுவீர்கள். ஒரே ஒரு கார் என்றால், அது மிச்சம்தான்.

## எச்.வி.எல்.பி.

காற்றின் அளவு அதிகம், அழுத்தம் குறைவு. ஏர் கேப்பில் வெளியே வரும் இடத்தில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் இலக்கணம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் காற்று மாசு விதிகள்தான் இதைக் கார் பட்டறைகளுக்குள் தள்ளின. 65 சதவீதம் என்ற எல்லையும் அங்கிருந்து வந்ததே. பெயிண்ட் மெதுவாகக் கிளம்புவதால் பேனலில் மோதித் திரும்பிப் பறப்பதில்லை.

நிறைகள் எல்லாம் உண்மை. பெயிண்ட் மிச்சம், புகை குறைவு, மெட்டாலிக் சீராக உட்காரும். ஆனால் முழு அளவு கன் 10 முதல் 15 சி.எஃப்.எம். கேட்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதேதான். தீனி போட முடிந்தவருக்கு யானை அழகு.

ஆயிரம் ரூபாய் கன்னிலும் "எச்.வி.எல்.பி." என்று அச்சடித்திருக்கும். பெயரை நம்பாமல், அட்டையில் கன் எவ்வளவு காற்று கேட்கிறது என்று பாருங்கள். எண்ணே இல்லையென்றால் அதுவே ஒரு பதில். மலிவு கன் எல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். பிரைமருக்கு நான் வைத்திருப்பது அப்படி ஒன்றுதான். என் முதல் மலிவு கன்னில் பிளாஸ்டிக் வாஷர் தின்னரில் ஊறிப் பெருத்து, இரண்டாம் வாரம் டிரிகர் பாதியில் சிக்கியது. வாஷரை டெஃப்லானுக்கு மாற்றியதும் இன்றுவரை ஓடுகிறது.

நல்ல ஜெர்மன் கன், உதாரணமாக சாட்டா, பல பத்தாயிரம் ரூபாய். தினமும் பத்து பேனல் அடிப்பவருக்கு அது முதலீடு. வருடத்துக்கு ஒரு கார் அடிக்கும் உங்களுக்கும் எனக்கும் அது அலமாரி அழகு.

பழக்கமும் மாற வேண்டும். 15 முதல் 20 செ.மீ.க்குள் பிடிக்க வேண்டும், கை மெதுவாக நகர வேண்டும். சாதாரண கன்னில் பழகிய பெயின்டர்கள் முதல் நாள் இதைத் திட்டுவதற்கு அதுதான் காரணம்.

## எல்.வி.எல்.பி.

காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. நான்கிலிருந்து ஏழு சி.எஃப்.எம். போதும் என்பார்கள். 1½ அல்லது 2 எச்.பி. கம்ப்ரசர் மட்டுமே உள்ள வீட்டுக்கு இது நியாயமான தேர்வு. புகையும் குறைவு.

விலையைப் பார்த்தால் மலிவாகத் தெரியும். இதில் செலவு நேரமாகப் போகும். விசிறி குறுகல், பெயிண்ட் மெதுவாக வரும். ஒரு பேனலை அடித்து அடுத்த பேனலுக்குப் போவதற்குள் முதலாவதன் ஓரம் காய ஆரம்பித்துவிடும். முழுக் காரையும் ஒரே மூச்சில், அதுவும் வெயில் காலத்தில், அடிக்க நினைத்தால் ஓரங்கள் சேரும் இடத்தில் சொரசொரக்கும். ஒவ்வொரு பேனலாக, திடநிறமாக அடிப்பவருக்குக் கவலையில்லை. வெள்ளி மெட்டாலிக் என்றால் கோடு விழாமல் அடிக்க நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

## மினி கன்

0.8 முதல் 1.2 மி.மீ. நாசில், கையடக்கக் கப், மூன்று முதல் ஐந்து சி.எஃப்.எம். பைக் டேங்க், பம்பர் மூலை, கதவின் உள்விளிம்பு. இரண்டாவது கன்னாக இதைவிட நல்லது இல்லை. முதல் கன்னாக இதை வாங்கி ரூஃப் அடிக்கப் புறப்படாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| ரகம் | காற்று (சி.எஃப்.எம்.) | பெயிண்ட் வீண் | எப்போது நல்லது |
|---|---|---|---|
| ஏரோசல் டப்பா | வேண்டாம் | அதிகம் | ஒரு கதவுக்குள் முடியும் வேலை |
| மின்சார கன் | வேண்டாம் | நடுத்தரம் | கேட், சுவர். காருக்கு வேண்டாம் |
| டர்பைன் | தனி ஊதி | குறைவு | மரவேலையும் உண்டு என்றால் |
| சாதாரண மேல்கப் | 6–9 | மிக அதிகம் | 2 எச்.பி., ஒரே ஒரு கார், திறந்த இடம் |
| எச்.வி.எல்.பி. | 10–15 | குறைவு | 3 எச்.பி.யும் தனி லைனும் இருந்தால் |
| எல்.வி.எல்.பி. | 4–7 | குறைவு | 2 எச்.பி., நெருக்கமான தெரு, பேனல் பேனலாக |
| மினி | 3–5 | குறைவு | பைக், சின்ன ஒட்டு வேலை |

## எந்த கன் வாங்கினாலும் கூடவே வரும் செலவு

தண்ணீர். கம்ப்ரசர் அழுத்தும் காற்றில் உள்ள ஈரம் டேங்கில் தண்ணீராக நிற்கும், குழாயிலும் வரும். சென்னையில் ஐப்பசி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். வாட்டர் ட்ராப்பை எல்லாரும் கம்ப்ரசரின் மூக்கிலேயே மாட்டுகிறார்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். ஏழெட்டு மீட்டர் குழாய் ஓடி ஆறிய பிறகு மாட்டினால்தான் பிடிக்கும். ஈரமான நாளில் டூக்கோ அடித்தால் பளபளப்புக்குப் பதில் வெள்ளையாகப் பூத்துவிடும், அது வேறு.

குழாய். இதை நான் அளந்தே பார்த்தேன். ரெகுலேட்டரில் 40 பி.எஸ்.ஐ. காட்டியது. கன்னின் அடியில் ஒரு சின்ன கேஜ் மாட்டி டிரிகரை இழுத்ததும் 26. மெல்லிய குழாயும் சின்ன கப்ளரும் 14 பி.எஸ்.ஐ.யை விழுங்கியிருந்தன. 10 மி.மீ. உள்விட்டக் குழாய்க்கு மாறுங்கள். அழுத்தத்தை எப்போதும் டிரிகர் இழுத்த நிலையில் பாருங்கள்.

மாஸ்க். பி.யூ. பெயிண்ட்டின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் வாழ்நாள் ஆஸ்துமா. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்கு ஒன்றுமே இல்லை. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் பெரிய முன்னேற்றம்தான், ஆனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதை வாசனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முறையான பூத்களில் (பெயிண்ட் அடிப்பதற்கென்றே உள்ள மூடிய அறைகளில்) வெளியிலிருந்து சுத்தமான காற்று ஊட்டும் மாஸ்க் போடுகிறார்கள். நான் புது கார்ட்ரிட்ஜ் போட்டு, வீட்டில் எல்லாரையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடித்தேன். இன்னொரு முறை அடித்தால் காற்றூட்டும் மாஸ்க் இல்லாமல் அடிக்க மாட்டேன். கன்னுக்கும் மாஸ்க்குக்கும் சேர்த்து ஒரே பட்ஜெட் என்றால் மலிவு கன்னும் நல்ல மாஸ்க்கும் வாங்குங்கள்.

கழுவும் தின்னர். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் கொஞ்சம் போகும், மொத்தத்தில் லிட்டர் கணக்கில் நிற்கும். ஹார்டனர் கலந்த பெயிண்ட்டைக் கன்னில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு நாள் ஃபோன் வந்தது, பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது ஊசி நாசிலோடு கல்லாகிவிட்டிருந்தது. முழு கன்னையும் தின்னரில் ஊறப்போடவும் கூடாது, வாஷர் எல்லாம் ஊதிவிடும். ஏர் கேப்பின் துளையைக் கம்பியால் குத்தவே கூடாது. தென்னை ஈர்க்குச்சியின் நுனியைச் சீவிக் குத்தினால் போதும்.

## அடிக்காமலே இருப்பதும் ஒரு தேர்வு

ஒரு கார் பெயிண்ட் வேலையில் கன் பிடிக்கும் நேரம் பத்தில் ஒன்றுகூட இருக்காது. பட்டி பார்ப்பது, வாட்டர் பேப்பர் தேய்ப்பது, மாஸ்கிங் ஒட்டுவதுதான் நாள் கணக்கில் ஆகும். கூலியில் பெரும்பகுதியும் அதற்குத்தான். அதனால் பட்டி, பிரைமர், தேய்ப்பு வரை வீட்டில் செய்துவிட்டு, மேல்கோட்டுக்கு மட்டும் பூத் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோகலாம். சிலர் "நீங்க தேச்சதுக்கு நாங்க பொறுப்பாக மாட்டோம்" என்று மறுப்பார்கள், அதனால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாலிக், பேர்ல் நிறக் கார்களுக்கும், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். நிறத்தையே மாற்றுகிறீர்கள் என்றால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அந்த அலைச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்த வழியானாலும் ஆடி மாதம் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் எங்கள் ஊரில் அம்மியே பறக்கும், ஈர பெயிண்ட்டில் தூசி வந்து உட்காரக் கேட்கவா வேண்டும்.

## நான் எதில் முடித்தேன்

அந்த எச்.வி.எல்.பி. கன்னைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பழைய 2 எச்.பி., 100 லிட்டர் கம்ப்ரசர் ஒன்றை வாங்கி, 1.3 மி.மீ. சாதாரண மேல்கப் கன்னில், வெள்ளை ஒற்றை அடுக்கு பி.யூ. பெயிண்ட்டை ஒவ்வொரு பேனலாக அடித்தேன். ஒரு பேனல் முடிந்ததும் கம்ப்ரசர் மறுபடி நிரம்பும் வரை ஒரு டம்ளர் டீ. மெட்டாலிக்காக இருந்திருந்தால் இந்த வழி எடுபட்டிருக்காது. தெரு இன்னும் நெருக்கமாக இருந்திருந்தால் எல்.வி.எல்.பி. எடுத்திருப்பேன்.

## கடையில் பார்க்க வேண்டியது

முதலில் உங்கள் கம்ப்ரசரின் உண்மையான காற்று அளவை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்கும் கன்களை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஊசி, நாசில், ஏர் கேப் செட் தனியாக வருமா, வாஷர் டெஃப்லானா என்று கேளுங்கள்.

பிறகு கப்பில் தண்ணீர் ஊற்றி ஒரு அட்டை மீது கன்னை அசைக்காமல் அரை நொடி அடித்துப் பாருங்கள். நீள்வட்டமாக, சீராக விழ வேண்டும். நடுவில் குவிந்தால் காற்று போதவில்லை, இரண்டு நுனியிலும் கனத்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் ஏர் கேப்பை அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். வளைவும் கூடவே பக்கம் மாறினால் கேப்பில் அழுக்கு, கழுவினால் போய்விடும். மாறாமல் அதே பக்கம் நின்றால் கோளாறு நாசிலில் இருக்கிறது. அந்தக் கன்னை வைத்துவிட்டு வேறு எடுக்கச் சொல்லுங்கள். அட்டையில் அடித்துப் பார்க்க விடாத கடை என்றால், தெருவில் அடுத்த கடை இருக்கிறது.